ஞாயிற்றுக்கிழமைப் புயல்

அத்தியாயம் ஐந்து

நான் மூன்றாவது முறையாக "நீங்க பொய் சொல்றீங்க" என்று சொன்னபோது, எதிரே உட்கார்ந்திருந்த நர்ஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டையைப் பார்த்தார்.

"அது டீக்கறைதானே? ரெண்டு இடத்துல இருக்கு. கை நடுங்குதா உங்களுக்கு?"

"நடுங்கலை. கப்புல ஓட்டை," என்றேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் அத்தான் சிரிப்பை அடக்குவதற்காக மூக்கைச் சொறிந்துகொண்டார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். மற்றவர்களுக்குத் துப்பறிவாளர். பன்னிரண்டு வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து சேதம் எழுதியவர். பார்த்ததை அப்படியே எழுதுகிறார் என்ற குற்றத்துக்காக வெளியே அனுப்பப்பட்டவர். இப்போது சந்தேகம் வந்தால் அதே கம்பெனி மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருக்கிற எங்கள் ஒற்றை அறைக்கு மாடியேறி வருகிறது. நான் உதவியாளன். இந்த வேலை என் மூளைக்குக் கிடைத்தது என்று நான் சொல்வேன். அக்காவுக்குப் பயந்து கொடுத்தது என்று அத்தான் சொல்வார்.

வழக்கு இதுதான். வாடகைக்கு விடும் நீலக் கார் ஒன்று, இரண்டு வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் சுவரில் போய் முட்டியது. ஓட்டியவர் இந்த நர்ஸ். வீடு வீடாகப் போய்க் காயத்துக்குக் கட்டு மாற்றுகிறவர். இப்போது அவருடைய வலது கையிலேயே முழங்கை வரை மாவுக்கட்டு. கம்பெனி ஆள் வந்து பார்த்தால் பிரேக் கட்டைகள் கருகியிருக்கின்றன, டயர் ஓரமெல்லாம் உரிந்திருக்கிறது. ரேஸில் ஓடாத வண்டி இப்படி ஆகாது.

ரேஸ் ஓடிய வண்டிக்குக் கம்பெனி சல்லிக்காசு தராது. பாலிசியில் அப்படி ஒரு வரி இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்திலும் அதே வரி இன்னும் பொடி எழுத்தில் இருக்கிறது. வாடகைக்கு எடுத்தவர் தானே ஓட்டினாலும் சரி, யாரிடமாவது கொடுத்து ஓட்டவிட்டாலும் சரி, ரேஸ் என்றால் முழு வண்டியின் விலையும் அவர் தலையில். இவ்வளவு முக்கியமான விஷயத்தை எறும்புக்கு எழுதின மாதிரி எழுதினால்தானே எவரும் படிக்க மாட்டார்கள்?

கடைக்காரர், அதாவது அந்த வாடகைக் கார் நிலையத்தின் சொந்தக்காரர், என்ன சொல்கிறார் என்றால், நர்ஸ் சனிக்கிழமை சாயங்காலமே வண்டியை எடுத்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை பழைய கிடங்கு மைதானத்தில் ரேஸ் நடந்தது, வண்டி அங்கேதான் கெட்டது என்கிறார். நர்ஸ் ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் எடுத்தேன் என்கிறார். அன்று பகல் முழுக்க நைட் டூட்டி முடிந்து வீட்டில் தூங்கினாராம். சாட்சி, ஆறு வயது மகள்.

"தூங்கினதுக்கு ஆறு வயசு சாட்சி," என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ கொஞ்ச நேரம் தூங்கு," என்றார் அத்தான். ஒரு தாளை நர்ஸ் பக்கம் திருப்பினார். "இது என்னம்மா?"

வண்டியைக் கொடுக்கும்போது எழுதுகிற படிவம். மேலிருந்து பார்த்த காரின் படம் ஒன்று, தவளை மீது லாரி ஏறின மாதிரி நசுங்கிக் கிடந்தது. அதன் மேல் ஏழெட்டு இடத்தில் பெருக்கல் குறி. பக்கத்தில் உருண்டை உருண்டையான கையெழுத்தில் ஒரு பட்டியல். 'பின் பம்பரில் இரண்டு கீறல். வலது கண்ணாடியில் விரிசல். முன் கதவுகள் இரண்டிலும் சதுரமாகப் பசை. முன் பம்பரில் தீப்பெட்டி அளவு மூடி இல்லை. பின் சீட்டில் பேனா மை.' அடியில் இரண்டு பேரின் கையெழுத்து. சனிக்கிழமைத் தேதி மட்டும் வேறு மையில் இருந்தது.

"லிஸ்ட்டு நான் எழுதினது சார். கீறல் மட்டும் போதும்மான்னாரு கடைக்காரரு. எங்க வேலையில ஒரு பழக்கம். நோயாளி வார்டுக்குள்ள வரும்போதே உடம்புல இருக்கிற காயத்தையெல்லாம் எழுதிடணும். இல்லேன்னா மறுநாள் அது நர்ஸு கையால வந்த காயம்னு ஆயிடும்."

"தேதி?"

"அப்புறம் போட்டுக்கறேன்னாரு. ரொக்கமா குடுத்தா குறைச்சுக்கறேன்னாரு, குடுத்தேன். காப்பி கேட்டேன், பிரிண்டர்ல மை இல்லைன்னாரு."

உலகத்தில் எந்தப் பிரிண்டரிலும் நமக்குத் தேவையான நேரத்தில் மை இருந்ததில்லை என்பதால் அதை மட்டும் நான் நம்பினேன்.

நர்ஸ் எழுந்தார். "வக்கீல் நோட்டீஸ் வந்துடுச்சு சார். வண்டி விலை முழுக்க நான் தரணுமாம். அதுகூடப் பரவாயில்ல, எப்படியோ கட்டிடுவேன். ரேஸ் ஓட்டினவள்னு கம்பெனி எழுதிட்டா, எந்த வீட்ல என்னை நம்பிப் படுக்கையில கிடக்கிறவங்களை விடுவாங்க? என் பொண்ணுக்கு என்னை விட்டா ஆள் கிடையாது."

சொல்லும்போது குரல் உடையவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மூன்று முறை பொய் என்று சொன்ன என் வாயை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"சாயங்காலம் கூப்பிட்டா வர முடியுமா?" என்றார் அத்தான்.

"வர்றேன். எனக்குத்தான் இப்ப வேலையே இல்லையே."

*

பழைய கிடங்கு மைதானத்தில் ஞாயிறுதோறும் ரேஸ் நடத்துகிறவர் மற்ற ஆறு நாளும் டயர் கடை வைத்திருக்கிறார். கொடி காட்டுகிறவர் என்பதால் கொடிக்காரர் என்று பெயர். நாங்கள் போனபோது ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பிடித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க சங்கத்துல சேர என்ன வேணும்?" என்று அத்தான் கேட்டார்.

"ஹெல்மெட்டு, பிரேக்கு, கையெழுத்து."

"லைசென்ஸ்?"

"அது ரோட்டுக்கு சார்."

கையெழுத்துப் போடுகிற தாளைக் காட்டினார். உயிர் போனாலும் உறுப்புப் போனாலும் சங்கம் பொறுப்பல்ல. கம்பெனிக்கு ஒரு தாள், வாடகைக் கடைக்கு ஒரு தாள், சங்கத்துக்கு ஒரு தாள். எல்லாரும் பொறுப்பைத் தட்டிவிட ஆளுக்கு ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லாமல் நின்றது கார் முட்டிய அந்தச் சுவர் ஒன்றுதான்.

ஓட்டுகிறவர்கள் பட்டியல் ஒரு பள்ளிக்கூட நோட்டில் இருந்தது. ஒருவரும் சொந்தப் பெயரில் இல்லை. மின்னல், சூறாவளி, இடி, புயல்.

"இது ரேஸா, வானிலை அறிக்கையா?" என்றேன்.

"மின்னல் பல் டாக்டர். சூறாவளி பேங்க் மேனேஜர், பேரன் எடுத்தாச்சு. வீட்டுக்குத் தெரிஞ்சா வெளில நிக்க வெச்சிடுவாங்க, அதான் பேர் மாத்தம்."

நீலக் காரின் நம்பர், அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில், புயலுக்கு நேரே இருந்தது. போட்டி எண் இருபத்தேழு.

"புயல் ஆணா, பெண்ணா?"

"யாருக்குத் தெரியும்? வண்டியை விட்டு இறங்கும்போதே தலையில ஹெல்மெட்டு. போகும்போதும் ஹெல்மெட்டு. வாயே திறக்கறது கிடையாது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டறதோட சரி. மத்தவனுங்க பேசியே கொல்றதுக்கு இது எவ்வளவோ தேவலை."

அத்தான் சுற்றிலும் பார்த்தார். "நம்பரை எங்க ஒட்டுவீங்க?"

"முன் கதவு ரெண்டுலயும். ஒரு அடிக்கு ஒரு அடி ஸ்டிக்கர். உரிச்சா பசை நிக்கும். பெட்ரோல் தொட்டுத் துடைங்கடான்னு தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறேன், ஒருத்தனும் துடைக்க மாட்டேங்கறான்."

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"முன் பம்பர்ல ஒரு சின்ன மூடி இருக்குமே?"

"ஆமா. வண்டி நடுவுல நின்னுட்டா இழுக்கக் கொக்கி மாட்டணும். அதுக்கு அந்த மூடியைக் கழட்டணும். கழட்டறவன் பாதிப் பேர் அங்கயே போட்டுட்டுப் போயிடறான். அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வர்றான்." கொடிக்காரர் ஒரு செருப்பு டப்பாவைத் திறந்தார். கலர் கலராக மூடிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் போட்டி எண்ணும் தேதியும் எழுதி ஒட்டியிருந்தது. டியூபில் ஓட்டை தேடுகிற கைக்கு இந்தப் பொறுமை இயல்பாக வரும் போலிருக்கிறது. நீல மூடி ஒன்றை அத்தான் விரலால் புரட்டினார். இருபத்தேழு. அந்த ஞாயிற்றுக்கிழமை.

"இதை நான் எடுத்துக்கலாமா?"

"தாராளமா. புயல் கேட்டா என்ன சொல்ல?"

"கேக்க மாட்டார். மறுபடி வந்தாரா?"

"வாராவாரம் வர்றவரு சார். போன வாரம் சிவப்பு வண்டி. நேத்து சாம்பல் கலர். ஒரு தடவை கொண்டுவந்த வண்டியை மறுதடவை நான் பாத்ததில்ல. நேத்து நாலாவது சுத்துலயே புகை, கருகின நாத்தம். பிரேக்கு போச்சுன்னு நான்தான் கொடியைக் காட்டி நிறுத்தினேன். கோவத்துல கட்டைவிரலைக்கூடக் காட்டலை."

நேற்று ரேஸ் ஓட்டியவர் கையில் மாவுக்கட்டு இருந்திருக்க முடியாது என்பது எனக்கே புரிந்தது. வெளியே வந்ததும் அதை ஒரு கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன்.

"வாராவாரம் வேற வேற வண்டி யார்கிட்டடா இருக்கும்?" என்றார் அத்தான்.

"பெரிய பணக்காரன்கிட்ட."

அத்தான் காரின் கூரை மேல் கையை ஊன்றிக்கொண்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார். "உங்க அக்கா உன்னைப் பத்தி சொன்னதெல்லாம் ரொம்பக் கம்மிடா."

*

வாடகைக் கார் நிலையத்தின் கண்ணாடிக் கதவில் 'உங்கள் பாதுகாப்பே எங்கள் பெருமை' என்று எழுதியிருந்தது. கடைக்காரர் உயரமானவர். இஸ்திரி கலையாத சட்டை. சிரிப்பும் இஸ்திரி போட்டது. கடைக்கு முன்னால் ஒரு அப்பா, வாடகைக்கு எடுத்த காரின் டிக்கியில் பெட்டிகளை அடுக்குவதும் எடுப்பதுமாக இருந்தார். அம்மா முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, எந்தப் பெட்டி எங்கே போக வேண்டும் என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

அத்தான் கூப்பிட்டிருந்த நர்ஸ் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். கடைக்காரர் அவர் முன்னால் ஒரு தாளை நீட்டி வைத்திருந்தார். ரேஸ் ஓடியதற்கு நானே பொறுப்பு என்ற ஒப்புதல் கடிதம். வக்கீல் எழுதிக் கொடுத்தது.

"தவணையில கட்டிக்கலாம்மா. நான் ஒண்ணும் ராட்சசன் இல்ல," என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தான் கவுண்டரின் மேல் படிவத்தை வைத்தார். அதன் மேல் நீல மூடியை வைத்தார்.

"இந்த மூடி ஞாயித்துக்கிழமை மத்தியானம் கிடங்கு மைதானத்துல கழண்டது. இந்த லிஸ்ட்டுல மூடி இல்லைன்னு இருக்கு. தேதி சனிக்கிழமை. கதவுல பசையும் அப்படித்தான். ஞாயித்துக்கிழமை பட்ட அடியை சனிக்கிழமையே எழுத இவங்க நர்ஸா, ஜோசியரா?"

கடைக்காரரின் சிரிப்பு ஒரு இழை கலைந்தது. படிவத்தை எடுத்து, நிஜமாகவே அன்றுதான் முதல் முறையாக, முழுதாகப் படித்தார். எத்தனையோ ஆயிரம் படிவம் பார்த்தவர். அடியில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதோடு அவருக்குப் படிவம் முடிந்துவிடும். அவரே கம்பெனிக்கு அனுப்பிய சாட்சி அது. எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது.

கடைக்காரர் தலை நிமிர்ந்தபோது சிரிப்புக்கு மறுபடி இஸ்திரி போட்டாயிற்று.

"ஓ, இதுவா? இவங்க சனிக்கிழமை எடுத்துட்டுப் போனாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்து இன்னும் ஒரு நாள் வேணும்னாங்க. அப்ப உக்காந்து இந்த லிஸ்ட்டை எழுதினாங்க. இப்பத்தானே புரியுது எதுக்குன்னு."

"அப்படி நான் வரவே இல்ல!" என்றார் நர்ஸ்.

"யாராவது பாத்தாங்களா? உங்க பொண்ணா?"

"புயல்னு ஒருத்தர் வாராவாரம் உங்க வண்டியிலதான் ரேஸ் ஓடறார்," என்றார் அத்தான். "நீலம், சிவப்பு, சாம்பல். மூணு நம்பரும் என்கிட்ட இருக்கு."

"கஸ்டமர் வண்டியை வாங்கிட்டுப் போய் என்ன பண்றாங்கன்னு நான் பின்னாடியே ஓட முடியுமா சார்? இவங்க யார்கிட்ட குடுத்தாங்களோ! யார் ஓட்டினா என்ன, ஒப்பந்தத்துல கையெழுத்து இவங்களோடது."

"நேத்து ரேஸ்ல பிரேக் கருகி நின்ன சாம்பல் வண்டியை வாடகைக்கு எடுத்தது யாரு?"

"வாடிக்கையாளர் பேரை வெளில சொல்லக்கூடாது. நாங்க நேர்மையா தொழில் பண்றவங்க."

அத்தான் முகம் தொங்கிப்போனதை அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பார்த்தேன். அந்த ஆள் புளுகுகிறான் என்று கடையில் இருந்த நாற்காலிக்குக்கூடத் தெரியும். ஆனால் கம்பெனிக்கு வேண்டியது கையெழுத்தும் தேதியும். இரண்டும் அவன் பக்கம் இருந்தன. ஒரு கிண்டலாவது செய்து அவனைக் காயப்படுத்தலாம் என்று வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

நர்ஸ் எங்களைக் கவனிக்கவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கி ஒரு வழியாக மூடியிருந்தது. அப்பா வண்டியைக் கிளப்பிவிட்டார். சாம்பல் நிறக் கார்.

நர்ஸ் ஓடினார். கவுண்டரில் இருந்த ஒப்புதல் கடிதத்தை இடது கையால் வாரிக்கொண்டு ஓடி, காருக்கு முன்னால் போய் நின்றார். நாங்களும் பின்னால் ஓடினோம். கடைக்காரரும் வந்தார்.

"எங்க சார் போறீங்க?" என்று நர்ஸ் அந்த அப்பாவைக் கேட்டார்.

"மலைக்கு. மூணு நாள் லீவு. ஏம்மா, என்னாச்சு?"

பின் சீட்டில் ஐந்து வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை, மடியில் படம் வரைகிற நோட்டு. கண்ணாடியை இறக்கி நர்ஸின் மாவுக்கட்டைப் பார்த்து, "வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்லடா கண்ணு," என்றார் நர்ஸ். கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"சார், நான் கையெழுத்துப் போட்டுடறேன். ரேஸ் ஓட்டினது நான்தான், வண்டியைக் கெடுத்தது நான்தான். எவ்வளவு கேட்டாலும் கட்டறேன். இவங்க ரெண்டு பேரும் சாட்சி." கடிதத்தைக் காரின் பானெட் மேல் விரித்தார். என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவிக்கொண்டார். "அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. இந்தக் குழந்தை முகத்தைப் பாத்து, இந்த வண்டியில பிரேக் நல்லாருக்குன்னு சொல்லுங்க. சொல்லிட்டா போதும்."

"அம்மா, வேண்டாம்," என்று நான் பதறினேன். அத்தான் என் தோளை அழுத்திப் பிடித்தார்.

"என்ன சினிமா மாதிரி," என்றார் கடைக்காரர்.

"அன்னிக்கு என் பொண்ணு பின் சீட்லதான் இருந்தா. ஸ்கூல்ல இறக்கிவிட்டு அஞ்சு நிமிஷம்கூட ஆகலை, அந்த இறக்கத்துக்கு வந்தேன். பெடலை மிதிச்சா தரை வரைக்கும் போச்சு. சொல்லுங்க சார். நாலு வார்த்தை. உங்க கணக்கு தீர்ந்துடும்."

இடது கையால் பேனாவைப் பிடித்து, தாளின் அடியில் வைத்தார். எழுதிப் பழகாத கை, முள் தாளைக் கீறிக்கொண்டு நின்றது.

கடைக்காரர் குனிந்தார். சிரிப்பைத் தயார் செய்துகொண்டு குழந்தையைப் பார்த்தார். வாயையும் திறந்தார். "பிரேக்கு..." என்றார்.

"அங்கிள், நான் பெல்ட்டு போட்டுட்டேன்," என்றாள் குழந்தை.

இஸ்திரிச் சட்டையின் கழுத்துப்பட்டி நனைவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் நிமிர்ந்தார். நர்ஸைப் பார்க்காமல், எங்களைப் பார்க்காமல், ஓட்டுநர் சீட்டுப் பக்கம் போய்க் கையை நீட்டினார்.

"சாவியைக் குடுங்க சார். வண்டியை அணைச்சிட்டு சாவியைக் குடுங்க. பாப்பாவை இறக்குங்க. இதுல பிரேக் இல்ல. நேத்து ரேஸ்ல நான்தான் ஓட்டினேன், அதுல போயிடுச்சு."

அந்த அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாவியை எடுத்தவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். "தெரிஞ்சும் எதுக்கு சார் எங்களுக்குக் குடுத்தீங்க?"

"குடும்பத்தோட போறவங்க, மெதுவாத்தானே ஓட்டுவீங்கன்னு நினைச்சேன்."

நர்ஸ் பேனாவை எடுத்து என்னிடம் கொடுத்தார். "நானும் மெதுவாத்தான் சார் ஓட்டினேன்," என்றார்.